வீட்டு எரிவாயு மட்பாண்டச் சூளை: முக்கியக் குறிப்புகள்

• எரிபொருள் எல்.பி.ஜி.; புரொப்பேன், பியூட்டேன் கலவை. காற்றைவிடப் புரொப்பேன் சுமார் 1.5 மடங்கும் பியூட்டேன் சுமார் 2 மடங்கும் கனமானவை. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படரும். ஆகவே சூளைக் கொட்டகைக்கு மேலே ஜன்னல் மட்டும் போதாது. தரைமட்டத்திலும் திறப்பு வேண்டும். சிலிண்டரைப் பள்ளத்திலோ சாக்கடை ஓரத்திலோ வைக்கக் கூடாது. பாடநூலில் ஒரே வரியில் வரும் இந்த அடர்த்திக் கணக்கு உயிர் காப்பது, காரணத்தோடு படிக்கவும்.

• மணத்துக்காகச் சேர்ப்பது எத்தில் மெர்காப்டன். காற்றில் சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை வாயு கலந்திருந்தால் தீப்பற்றும். கசிவு பார்க்கச் சோப்பு நுரை. தீக்குச்சி கூடவே கூடாது.

• வீட்டுச் சமையல் சிலிண்டர் 14.2 கிலோ, வணிகச் சிலிண்டர் 19 கிலோ.

• நெடுநேரம் எரியும்போது சிலிண்டரின் வெளிப்புறம் குளிர்ந்து பனி படியும், அழுத்தம் இறங்கும். காரணம், ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். தீர்வு, சிலிண்டர்களை இணைத்துப் பயன்படுத்துவது. சிலிண்டரைத் தீயால் சூடாக்குவது பேராபத்து.

• பற்றவைக்கும் வரிசை: கதவையும் டேம்பரையும் (புகைவழியைத் திறந்து மூடும் தகடு) திற, பர்னர் முனையில் தீயைக் காட்டு, பிறகே வாயு. வரிசை மாறினால் உள்ளே தேங்கிய வாயு வெடிக்கும். தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் வால்வில் இருப்பது வெப்ப இரட்டை. தத்துவம் சீபெக் விளைவு (1821).

• ஆக்ஸிஜன் குறைந்த ஒடுக்கச் சூழலில் செம்பு கலந்த மெருகு சிவக்கும், இரும்பு கலந்தது இளம்பச்சையாகும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வெளியேறும். இது ஹீமோகுளோபினுடன் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணையும், மணமில்லை. மூடிய அறையில் சூளை வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

• 100°செ.: மிச்ச ஈரம் நீராவியாகும், அவசரப்பட்டால் பாண்டம் சிதறும். 450–600°: களிமண்ணில் வேதிப்பிணைப்பில் உள்ள நீர் நீங்கும். 573°: குவார்ட்ஸ் ஆல்ஃபாவிலிருந்து பீட்டாவுக்கு மாறி விரியும், ஆறும்போது சுருங்கும். விரிசல் பெரும்பாலும் ஆறும்போதுதான் விழும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 900–1000°: முதல் சுடல். 1200–1300°: ஸ்டோன்வேர்.

• சீரான சூடு: ஒரு வெப்பமானி தன் முனை உள்ள இடத்தின் சூட்டை மட்டுமே சொல்லும். எனவே மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் வெப்பக் கூம்புகள் வைத்து, கண்துளை வழியே தகுந்த கண்ணாடி அணிந்து பார்ப்பார்கள். ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் (1886), அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் (1896) உருவாக்கியவை இவை. கூம்பு காட்டுவது வெப்பநிலையும் நேரமும் சேர்ந்து செய்த வேலையை; மெதுவாகச் சூடேற்றினால் குறைந்த வெப்பநிலையிலேயே சாயும். மேல்கூம்பு வளைந்து தட்டைத் தொட, கீழ்க்கூம்பு நிமிர்ந்தே நின்றால், வாயுவைக் கூட்டுவது தவறு. ஏற்றத்தைத் தணித்து, டேம்பரைச் சிறிது சிறிதாக நகர்த்தி, சூடு பரவ நேரம் கொடுக்க வேண்டும். தட்டுக்கும் சுவருக்கும் இடையே தீ போக வழி விட்டு அடுக்குவது இதற்கெல்லாம் முந்தியது.

• செராமிக் ஃபைபர் உறை: அலுமினா, சிலிகா. கையாளும்போது தூசு நுரையீரலுக்குக் கேடு; முகக்கவசம் அவசியம்.