இரண்டாவது சிசேரியன்: நாள் குறிச்சாச்சு, ஏற்பாடு செஞ்சாச்சா?



முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்திருந்தால், இரண்டாவதும் பெரும்பாலும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் முன்கூட்டியே தேதி சொல்லிவிடுகிறார். சிலருக்கு சுகப்பிரசவமும் நடக்கிறது, அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

தேதி தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் முதல் பிரசவத்துக்கு வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவாங்க. இரண்டாவதுக்கு அந்தக் கொடுப்பினை நம்மில் பலருக்கு இல்லை. "ஒண்ணு பெத்த உடம்புதானே" என்று பத்தாம் நாளே குடத்தைத் தூக்க வைத்துவிடுகிறார்கள். பழைய தழும்பு இருந்த இடத்திலேயே மறுபடியும் தோல், கொழுப்பு, சவ்வு, கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காகத் திறந்து தைத்த புண் அது. மேல்தோல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஆறுவதற்கு ஆறு வாரமாவது வேண்டும். வெளியே காய்ந்திருப்பதைப் பார்த்து யாரும் ஏமாறக் கூடாது.

நாள் குறிப்பது பற்றியும் ஒன்று சொல்லணும். வேறு சிக்கல் இல்லை என்றால், 39 வாரம் ஆன பிறகுதான் ஆபரேஷன் செய்வது குழந்தைக்கு நல்லது. அதற்கு முன்பே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்று பெரியவங்க சொன்னால், 39 வாரத்துக்கு அப்புறம் டாக்டர் சொல்லும் நாட்களுக்குள் பார்க்கட்டும். குறித்த நாளுக்கு முன்பே வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பழைய தையல் உள்ள கர்ப்பப்பை, காத்திருக்கக் கூடாது.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். நடந்தால்தான் காலில் ரத்தம் கட்டாது, வாயுவும் பிரியும். எழும்போது மல்லாந்தபடியே எழாமல், ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுந்தால் தையல் இழுக்காது. இருமல், தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும், அது முதல் தடவையை விட இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். கர்ப்பப்பை சுருங்குகிற வலி அது. வலி மாத்திரை சாப்பிட்டால் பாலுக்கு ஆகாது என்று பொறுத்துக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு. பால் கொடுக்கும் தாய் என்று தெரிந்துதான் டாக்டர் எழுதித் தருகிறார், அதைச் சாப்பிடலாம்.

இரண்டாவது பிரசவத்தில் பெரிய சோதனை மூத்த பிள்ளைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் "தூக்கும்மா" என்று ஓடிவரும். கைக்குழந்தையை விடக் கனமான எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது. அந்தப் பிள்ளையை விரட்டவும் வேண்டாம். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வயிற்றில் ஒரு தலையணை வைத்து, அதுவாகவே ஏறிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். குழந்தை வேண்டியது மடியைத்தான், இடுப்பை இல்லை.

இனி பத்தியம். தண்ணீர் குடித்தால் புண் சீழ் பிடிக்கும் என்று தண்ணீரைக் குறைப்பது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்கினால் தையல் வலிக்கும். கீரை, முட்டை, பருப்பு, மீன், பழம் எல்லாம் சாப்பிடலாம். பூண்டும் கருவாடும் மட்டும் போதாது. இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிடணும், இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. வயிற்றில் வெந்நீரை வேகமாக அடித்து ஊற்றுவதும், புண்ணில் மஞ்சளோ எண்ணெயோ தடவுவதும் வேண்டாம். சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் போதும்.

காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், நாற்றமடிக்கும் போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு துணி நனையும் ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, கண் மங்கும் தலைவலி இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை இதோடு சேர்த்தே செய்யலாம். அதனால் பாலும் குறையாது, பலமும் குறையாது. ஆனால் அது அந்தப் பெண் மனசார ஒத்துக்கொண்டு, முன்பே பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஆபரேஷன் மேசையில் கையெழுத்து வாங்கும் விஷயமல்ல. செய்துகொள்ளாதவர்கள், மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு தங்கலாம் என்பதை மறக்காமல் நர்சம்மாவிடம் வேறு வழிகளைக் கேளுங்கள்.

செலவைப் பற்றி: அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன், மருந்து, ரத்தம், 7 நாள் வரை சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாம் 2011-இல் வந்த திட்டப்படி இலவசம். யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு. கர்ப்பம் தெரிந்ததுமே நர்சம்மாவிடம் பதிவு செய்திருக்கணும்.

இந்த மாதக் கூட்டத்தில் பேச வேண்டியது: நம் குழுவில் யாருக்கு நாள் குறித்திருக்கிறது? ஆறு வாரத்துக்கு அந்த வீட்டுக்குத் தண்ணீர் யார் எடுப்பது, மாட்டுக்குப் புல் யார் அறுப்பது, மூத்த பிள்ளையை அங்கன்வாடியில் யார் விடுவது? அந்த இரண்டு மாதத் தவணையைத் தள்ளி வாங்கிக்கொள்ளலாமா? பேசி முடித்து, பெயர்களோடு தீர்மான நோட்டில் எழுதுங்கள். கணவரையும் மாமியாரையும் அன்றைக்குக் கூட்டத்துக்கு அழைத்து, அதை வாசித்துக் காட்டுங்கள்.