ஏரி வாத்தும் நெல் வயலும்

மார்கழி, தை மாதங்களில் ஏரியோர வயல்களில் விதை குறைந்தாலும் தூர் அறுந்தாலும் பழி முதலில் விழுவது வலசை வந்த வாத்துகளின் மீதுதான். சேதம் செய்தது எது என்று பாராமல் வரப்பில் விஷம் கலந்த நெல்லை வைத்துவிடுவோரும் உண்டு. உண்மையை அறிய ஒரு நாள் செலவிட்டால் போதும்.

திருச்சி மன்னார்புரத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டால், திருவெறும்பூர் வழியாகக் கிளியூர் ஏரியை வெயில் ஏறுமுன் அடையலாம். காலையில் கீழ்க்கரையில் உட்கார வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் பறவையின் நிறம் தெரியும். தொலைநோக்கி இருந்தால் நல்லது.

தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி மேய்வது ஊசிவால் வாத்து. களை விதை, நீர்ச்செடி, சிறு நத்தை இவையே அதன் இரை. அகன்ற அலகால் நீரைச் சலித்துச் செல்வது தட்டைவாயன். அதனால் நெல்லுக்குக் கேடில்லை எனலாம். சிறிய உருவமுள்ள நீலச்சிறகி பகலில் ஏரி நடுவே ஓய்ந்து கிடக்கும். இரவில் வயலில் இறங்கும். ஊசிவாலும் அப்படி இறங்குவதுண்டு. முளைகட்டிய விதை தேங்கிய நீரில் கிடந்தால் இவை விடமாட்டா. இம்மூன்றும் வட ஆசியாவிலிருந்து வந்து, கோடை தொடங்குமுன் திரும்புபவை. நத்தைகுத்தி நாரையோ நாற்றைக் கடிக்கும் நத்தைகளைத் தின்று உழவனுக்கு உதவுகிறது.

தூரை அடியோடு கடித்துப் போடுவது பெரும்பாலும் விருந்தாளியல்ல, ஆண்டு முழுவதும் சம்பங்கோரைப் புதரில் வாழும் நீலத் தாழைக்கோழி. உள்ளூர்க்காரன் செய்த வேலைக்கு வெளியூர்க்காரன் பழி சுமக்கிறான்! சேற்றில் நீண்ட விரல்கள் தனித்தனியே பதிந்திருந்தால் தாழைக்கோழி. விரலிடைச் சவ்வின் தடம் தெரிந்தால் வாத்து. தண்டு சாய்வாக வெட்டுப்பட்டு, வரப்பில் வளை இருந்தால் அது எலியின் வேலை.

நேரடி விதைப்பு வயலைப் பள்ளம் மேடின்றிச் சமன் செய்து, விதைத்தபின் நீரை வடித்துவிட்டால் வாத்துக்கு மேய இடமில்லை. நாற்றங்காலுக்கும் முதல் சில நாட்கள் இதுவே வழி. தாழைக்கோழிக்கு இந்த முறை பயன்படாது. ஏரியை ஒட்டிய வரப்போரக் கோரையை அகற்றி, காலையும் மாலையும் காவல் இருக்க வேண்டும். விஷமிட்டால் வாத்தோடு வளர்ப்புக் கோழியும் நாயும் சாகும். தவிர, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம்.

பறவையும் பாசனமும் ஒன்றாக இருக்க முடியாதா? அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரி பாசன ஏரிதான்; 1999-இல் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தை அங்கே காணலாம். வேடந்தாங்கல் உழவர்கள் பறவை எச்சம் கலந்த ஏரி நீரை உரமாகவே மதித்தவர்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர்கள் முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியரிடம் உத்தரவே பெற்றார்கள்.

ஏரிக்கரையில் அந்தி வரை இருந்து பார்ப்பது நல்லது. இருட்டும் வேளையில் வாத்துக் கூட்டம் எழுந்து எந்தத் திசையில் பறக்கிறது என்று குறித்துக்கொண்டால், அன்றிரவு எந்த வயலுக்குக் காவல் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.