மாத்திரையை விடணுமா? முதல்ல ஒருத்தர்கிட்ட சொல்லு!

தங்கச்சி, மதுரை மாட்டுத்தாவணி ராத்திரியிலும் உறங்காத இடம். விடியுமுன் பூ மார்க்கெட்டுக்கு வந்து நிற்கும் பெண்கள், நைட் ஷிஃப்ட் முடித்து பஸ் ஏறும் நர்சுகள், வெளியூர் வண்டி ஓட்டும் டிரைவர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள் என்று தூக்கம் கெட்டவர்கள் இங்கே நிறைய. வேலை மட்டும் அதற்குக் காரணமில்லை. இழவு விழுந்த வீடு, கழுத்தை நெரிக்கும் கடன், புருஷனின் அடி, முறிந்த கல்யாணம் என்று ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு வலி இருக்கிறது. எப்போதோ டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ அதையும் மரத்துப்போக வைக்கிறது என்று தெரிந்ததும், கை தானாக அதைத் தேட ஆரம்பிக்கிறது.

உனக்கு மட்டும் இப்படி ஆகிவிடவில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தூக்க, மயக்க மாத்திரைகளை மருத்துவத் தேவைக்கு வெளியே எடுப்பவர்கள் இந்தியாவில் சுமார் 1.18 கோடிப் பேர். இது ஒழுக்கக் கேடு இல்லை, சிகிச்சை உள்ள பிரச்னை. அக்கா சொல்வதை ஒவ்வொன்றாகக் கேள்.

1. இன்றைக்கே தூக்கி எறியாதே

வைராக்கியம் வந்த வேகத்தில் மாத்திரையைக் குப்பையில் போடுவதுதான் பெரிய ஆபத்து. அல்பிரசோலம், குளோனாசெபம், டயசெபம் போன்றவற்றைப் பல வாரம் தினமும் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே கிளினிக் நடத்தினார். மெதுவாக, அவரவர் உடம்பு தாங்கும் வேகத்தில் குறைப்பதுதான் அவருடைய முறை. சிலருக்கு மாதக் கணக்கில் ஆகும். ஆகட்டும், அவசரமே வேண்டாம்.

2. ஒரே ஒருத்தரிடம் வாய் திற

வீடு முழுக்கச் சொல்ல வேண்டாம். அம்மாவோ, சித்தியோ, கூட வேலை பார்க்கும் அக்காவோ, திட்டாமல் கேட்கக்கூடிய ஒருத்தர் போதும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்: "நான் தூக்க மாத்திரையை அளவுக்கு மேல் எடுக்கிறேன். என்னால் தனியாக நிறுத்த முடியவில்லை. டாக்டரிடம் கூட வருவாயா?" இந்த மூன்று வாக்கியம் போதும். மாத்திரை அட்டையை அவரிடமே கொடுத்துவைத்து, டாக்டர் சொன்ன அளவை மட்டும் தினமும் வாங்கிக்கொள்.

நேரில் சொல்ல நா எழவில்லையா? 14416-க்குப் போன் போடு. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்று தனியாக 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

3. பெரியாஸ்பத்திரிக்குப் போ

மாட்டுத்தாவணியிலிருந்து கோரிப்பாளையம் பக்கம் போகும் டவுன் பஸ் ஏறினால் பெரியாஸ்பத்திரிதான், அரசு ராஜாஜி மருத்துவமனை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடும்போது மனநலப் பிரிவு என்று கேள். அங்கே போனாலே பைத்தியம் என்ற பேச்சைக் காதில் வாங்காதே. மதுரையிலேயே 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மனநலத்துக்காக வேலை செய்கிறது.

மறுவாழ்வு மையத்தில் சேரச் சொன்னால், அரசுப் பதிவு இருக்கிறதா, மனநல டாக்டர் வருகிறாரா என்று கேட்டுவிட்டே சேர். கட்டிப்போடுவது, அடிப்பது சிகிச்சையே இல்லை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய கொடுமையை நாம் மறக்கக் கூடாது.

4. டாக்டரிடம் ஒளிக்காதே

எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு காலமாக என்று ஒரு தாளில் எழுதி, காலி அட்டையையும் கையோடு கொண்டு போ. வெட்கப்பட்டுப் பாதியாகச் சொன்னால் டாக்டர் போடும் கணக்கே தப்பாகிவிடும். கர்ப்பமாக இருந்தாலும், முன்பு வலிப்பு வந்திருந்தாலும், குடிப்பழக்கம் இருந்தாலும் அதையும் சொல். பிறகு ஒரே டாக்டர், ஒரே மெடிக்கல் என்று வைத்துக்கொள். அல்பிரசோலம், டிரமடால் போன்றவற்றை விற்றால் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் சட்டம். சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் கடை உனக்கு உதவி செய்யவில்லை.

5. போலீஸ் பயம் வேண்டாம்

சிகிச்சை கேட்டு வந்ததற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். பயன்படுத்தியதற்காக ஏற்கெனவே வழக்கில் சிக்கியவர்கூட, தானாக முன்வந்து அரசு மையத்திலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சையை முடித்தால் விலக்குப் பெற போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி தருகிறது. உன் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

6. குறைக்கும் நாட்களில்

முதலில் தூக்கம் இன்னும் கெடும், படபடப்பு கூடும். "பழைய நோய் திரும்பிவிட்டது, மாத்திரை இல்லாமல் முடியாது" என்று தோன்றும். பெரும்பாலும் அது மருந்து விலகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்புதான், மெல்ல அடங்கும். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல், வேகத்தைக் குறைப்பார். சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திரு. மதுவைத் தொடவே தொடாதே. தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை, மது இவற்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் மூச்சே நின்றுபோகலாம்.

7. வலிக்கும் வைத்தியம் பார்

மாத்திரை போனாலும் அதைத் தேட வைத்த துக்கம் போய்விடாது. ஆறாத புண்ணுக்கு மேலே துணி சுற்றினால் ரத்தம் தெரியாது, அவ்வளவுதான். அதனால் கவுன்சலிங்கையும் கேட்டு வாங்கு. வீட்டில் அடி விழுகிறது என்றால் பெண்களுக்கான 181 எண்ணைக் கூப்பிடு. கடன் என்றால் கூடப்பிறந்தவர்களிடம் கணக்கைத் திறந்து வை. உள்ளேயே வைத்துப் புழுங்குவதுதான் மறுபடி மாத்திரைக்கு இழுக்கும்.

8. மறுபடி எடுத்துவிட்டால்

எல்லாம் போச்சு என்று உட்காராதே. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதைச் சொல், அங்கிருந்து தொடரலாம். ஆனால் ஒன்றை மனதில் வை: கொஞ்ச நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. குறிப்பாக டிரமடால் போன்ற வலி மாத்திரையில் பழைய அளவே உயிரைப் பறித்துவிடலாம்.

9. 108-ஐ எப்போது கூப்பிடுவது?

வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவாகிவிட்டால், உதடு நீலம் பாரித்தால், இல்லாதது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் உடனே 108. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வை. தனியே விட்டுப் போகாதே. செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால், அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடு, 14416-க்குப் பேசு, மாத்திரைகளை வேறொருவர் கையில் கொடுத்துவிடு.

இதைப் படிக்கும் அண்ணன், அம்மா, புருஷன்மாருக்கும் ஒரு வார்த்தை: அவள் வாய் திறக்கும்போது திட்டாதீர்கள், மாத்திரையைப் பிடுங்கி வீசாதீர்கள். கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தங்கச்சி, நீ கெட்டவள் இல்லை, வலி தாங்காமல் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டவள். அதை விட்டுவிட்டு வாழ முடியும், எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். இன்றைக்குள் ஒருத்தரிடம் சொல்லிவிடு.