மெமோவுக்கு முன்னால்

அன்புள்ள பாப்பா,

லைன் லீடர் ஆகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் குரல் கட்டிப்போயிருக்கிறது. "எல்லாத்தையும் ரெண்டு தடவை கத்த வேண்டியிருக்கு சித்தப்பா. லேட்டா வர்ற ஒருத்தனுக்கு மெமோ குடுத்தாத்தான் மத்தவன் வழிக்கு வருவான்" என்றாய். நான் பேசாமல் இருந்ததும் லைன் கட் ஆகிவிட்டதென்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கூவினாய். யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன் வயதில், அம்பத்தூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். கண் எப்போதும் கைக்கடிகாரத்தில்தான் இருக்கும். டிரில்லிங் மெஷினில் நின்ற பையன் ஒருநாள் வந்து, "சார், ஜிக் லேசா ஆடுற மாதிரி இருக்கு" என்றான். துளை போடும்போது பீஸை அசையாமல் பிடித்துவைக்கும் தாங்கிதான் ஜிக். "டார்கெட் முடியட்டும், பாக்கலாம்" என்றேன். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அவனும் தலையாட்டிவிட்டுப் போனான். பதினோரு நாள் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு அவன் லீவு போட, அந்த மெஷினில் வேறொருவரை நிறுத்தினேன். அந்த ஷிஃப்டில் போட்ட பீஸ் அத்தனையும் ரிஜெக்ட். துளைகளெல்லாம் தள்ளி விழுந்திருந்தன. மெஷினைக் குடைந்து பார்த்தபோது, டூல் பெட்டிக்குள் மடித்த தகரத் துண்டு ஒன்று கிடைத்தது. தினமும் காலையில் அதை ஜிக்குக்கு அடியில் செருகி, வேலை முடிந்ததும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் அந்தப் பையன். இந்த ஆளிடம் சொல்லிப் பயனில்லை என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டான். அவனோடு போய் ஜிக்கைப் பார்த்திருந்தால் எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

உங்கள் கம்பெனிச் சுவர் முழுக்க டொயோட்டாவின் ஜப்பானியச் சொற்களை ஒட்டிவைத்திருப்பார்கள். போஸ்டரை விடு. டொயோட்டாவின் கதை தறியில் தொடங்குகிறது. சாகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அறுந்த நூலோடு ஓடுகிற தறி வேகமாகப் பாழ் துணியைத்தான் நெய்யும் என்பதை எந்த நெசவாளியும் சொல்வார். அதே குடும்பம் பிற்பாடு கார் செய்ய இறங்கியது. கார் லைனில் அறுவதற்கு நூல் இல்லை. ஆகவே தொழிலாளி கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டினார்கள். ஏதோ சரியில்லை என்று பட்டால் இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். இழுத்த கணத்திலேயே லைன் நின்றுவிடாது. அந்த வண்டி அந்த ஸ்டேஷனின் எல்லைக் கோட்டைத் தொடுவதற்குள் சரிசெய்துவிட்டால் மறுபடி இழுத்துவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம், முடியாவிட்டால்தான் நிற்கும்.

அந்தச் சில வினாடிகளில் லீடர் என்ன முகத்தோடு வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தொழிலாளி அடுத்த முறை கயிற்றைத் தொடுவதும் தொடாததும். என் ஆலையில் கயிறு இல்லை, ஆனால் அந்தப் பையன் அன்றைக்கு இழுத்தது கயிற்றைத்தான்.

கலிஃபோர்னியாவில் ஃபிரீமான்ட் என்றோர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலைக்குப் பெயர் கெட்டுக் கிடந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாள்கள் உண்டு. என்ன நடந்தாலும் லைன் மட்டும் நிற்கக் கூடாது, குறையோடு போகிற வண்டியைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்பது அங்கே சட்டம். 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து திறந்தபோது உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, யூனியனும் பழைய யூனியனே. லீடர்களை அணி அணியாக ஜப்பானுக்கு அனுப்பி, கயிறு இழுத்தால் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கவைத்தார்கள். வராதவர் விகிதம் 20 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது. இத்தனையும் கண்ணெதிரே நடந்தும், ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுபோகப் பல வருடங்கள் திணறியது. கயிறு வாங்குவதா கஷ்டம்?

கஷ்டம் பொறுமையில்தான். பொறுமை என்றதும் சாந்தசொரூபியாக உட்கார்ந்திருப்பது என்று நினைத்துவிடாதே. டொயோட்டா உற்பத்தி முறைக்கு உருக்கொடுத்த தாயிச்சி ஓனோ கடுமையான மனிதர் என்றுதான் பெயர். அவர் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இளம் இன்ஜினீயரை அதற்குள் மணிக்கணக்கில் நிற்கவைத்து, "என்ன பார்த்தாய்?" என்று கேட்பாராம். தண்டனை மாதிரிதான் தெரியும். ஆனால் நாமெல்லாம் லைனை நடந்தபடியே பார்க்கிறவர்கள். நின்று பார்த்திருந்தால் அந்தத் தகரத் துண்டு என் கண்ணில் பட்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் நின்று நிதானிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒருவன் கை மெஷின் பக்கம் போகிறதென்றால் எமர்ஜென்சி ஸ்விட்சை அடி, பேச்செல்லாம் பிறகு. அதேபோல டொயோட்டாவைக் கும்பிடவும் சொல்லவில்லை. 2010இல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற நேர்ந்தபோது, அதன் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, ஆட்களைப் பழக்குகிற வேகத்தை மீறிக் கம்பெனி வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். சொல்லிக்கொடுத்தவர்களுக்கே மறந்துபோகிற பாடம் இது. ஃபிரீமான்ட் கூட்டு ஆலை மூடியதும் அதே வருடம்தான். இப்போது அங்கே டெஸ்லா கார் செய்கிறார்கள்.

உனக்கு மேலே இருப்பவர் மணிக்கொரு தடவை எண்ணிக்கை கேட்பார், எனக்குத் தெரியும். கணக்கைக் கொடு, ஆனால் அவர் அவசரத்தை அப்படியே கீழே இறக்கிவிடாதே. ஷிஃப்ட் தொடங்கியதும் பத்து நிமிடம் போனைப் பையில் போட்டுவிட்டு ஒரே ஸ்டேஷனில் நில். யாராவது வந்து ஏதாவது சொன்னால் பதில் சொல்லாமல் "வா, காட்டு" என்று கூடவே நட. முதல் வாரம் வேவு பார்க்கிறாள் என்பார்கள். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் ஒரு சின்னத் தொல்லையைச் சொல்வார். அது எவ்வளவு அற்பமாக இருந்தாலும் அன்றே முடித்துக் கொடு.

அந்த மெமோவைப் பற்றி: நீ மெமோ கொடுக்க நினைக்கிற பையன் வாரத்தில் எந்தெந்த நாள் லேட்டாக வருகிறான், கம்பெனி பஸ்ஸை எந்த ஸ்டாப்பில் பிடிக்கிறான், அந்த பஸ் அங்கே எத்தனை மணிக்கு வருகிறது என்று அவனிடமே கேட்டு எனக்கு எழுது. மெமோ எப்படி எழுதுவதென்று அதற்குப் பிறகு சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா