மேலாளர் உரிமையின்றிக் கணினியில் மென்பொருள் ஏற்றும் விதம்



கடை வைத்திருக்கும் நம்மவர் பலர் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமரும்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கணினியில் ஏதாவது ஒன்றை ஏற்றப் போனால், மேலாளரின் கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்கிறதே, அது நம்மிடம் இல்லையே, என்ன செய்வது?" என்பதே அது. நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதியவரே அன்றி இத்துறையில் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும் இதே சங்கடத்தில் ஒன்பது நாட்கள் அகப்பட்டு, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சகோதரர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். நமது கடையின் கல்லாக் கணினி மாத வாடகைக்கு எடுத்தது. மூன்று ஆண்டுத் தவணை முடிந்தால்தான் அது நமக்குச் சொந்தமாகும். ரமலான் பிறக்கப் பத்து நாள் இருக்கையில், ரசீது அடிக்கும் பிரிண்டர் பழுதாகி நின்றுவிட்டது. புதிய பிரிண்டர் ஒன்றை வாங்கி மாட்டினோம். உடனே திரையில் ஒரு கேடயப் படம் தோன்றி, மேலாளரின் கடவுச்சொல்லைக் கேட்டது. அது கணினியைக் கொடுத்தவரிடம் இருந்தது. அவரோ இடம் மாறிப் போய்விட்டார், தொலைபேசியிலும் கிடைக்கவில்லை. பேரீச்சம்பழமும் மசாலாவும் வாங்க வந்தோர் வரிசையாக நிற்கிறார்கள், ரசீது இல்லை!

நிற்க. முதலில் அக்கேடயம் ஏன் தோன்றுகிறது என்பதை அறிந்துகொள்வோம்.

கிட்டங்கியும் கணினியும்

மார்க்கெட் தெருவில் முற்காலத்தில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று அவை இல்லை. ஒரே கட்டடத்தில் பலர் வட்டித் தொழில் நடத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டகம், அவ்வளவுதான். தன் பெட்டகத்தில் எதையும் வைக்கலாம், எடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பொதுச் சுவரில் ஆணி அடிக்கவோ, கூரையைப் பிரிக்கவோ கட்டடத்துக்காரரின் அனுமதி வேண்டும்.

விண்டோஸ் கணினியின் அமைப்பும் இத்தகையதே. அதில் இருவகைக் கணக்குகள் உண்டு. (இங்கே கணக்கு என்பது பற்று வரவு அன்று, கணினியினுள் நுழையும் ஆளின் பெயர்.) ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர் என்னும் மேலாளர் கணக்கு, மற்றது சாதாரணக் கணக்கு. 'புரோகிராம் பைல்ஸ்' என்ற அறையும் 'விண்டோஸ்' என்ற அறையும் எல்லாருக்கும் பொதுவான சுவரும் கூரையும் போன்றவை. 'யூசர்ஸ்' என்ற அறையினுள் அவரவர் பெயரில் இருப்பது அவரவர் பெட்டகம். பொது இடத்தில் எழுத முயலும் மென்பொருளை நிறுத்தி வைத்து மேலாளரைக் கேட்பதே அந்தக் கேடயத்தின் வேலை. 2007ல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான் இந்த ஏற்பாடு புகுத்தப்பட்டது. அப்போது பலரும் இதைத் தொல்லை என்று ஏசினார்கள். ஆனால் அது காவற்காரன் என்பதே உண்மை.

அனுமதியின்றியே செய்யக்கூடியவை

சொந்தப் பெட்டகத்தில் வைப்பதற்குப் பிறர் அனுமதி தேவையில்லை என்றோம். அதன்படி சாதாரணக் கணக்கிலிருந்தே செய்யத்தக்க வழிகள் ஐந்து உண்டு.

முதலாவது: தனியாளுக்கென்று ஏறும் மென்பொருள்கள். சில மென்பொருள்கள் பொது அறையை நாடாமல், உங்கள் பெட்டகத்தினுள் 'ஆப்டேட்டா' என்னும் உள்ளறையில் அமர்ந்துகொள்ளும். கூகுள் குரோம் உலாவியை ஏற்றும்போது கேடயம் தோன்றினால் 'வேண்டாம்' என்று அழுத்திப் பாருங்கள். மேலாளர் உரிமை இல்லாமலே ஏற்றட்டுமா என்று அதுவே கேட்கும். டெலிகிராம் முதலியவையும் இவ்விதம் ஏறக்கூடியவை. சிலவற்றில் 'எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா' என்ற கேள்வி வரும். 'எனக்கு மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது: கையோடு எடுத்துச் செல்லும் மென்பொருள்கள். இவற்றை 'போர்ட்டபிள்' என்பார்கள். இவை ஏறுவதே இல்லை. ஓர் உறையைப் பிரித்து வைத்தால் அங்கிருந்தே ஓடும். கணக்கெழுதவும் கடிதம் எழுதவும் உதவும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் இவ்வடிவில் கிடைக்கிறது. விரல் அளவுள்ள யூஎஸ்பி சேமிப்பானில் வைத்துக்கொண்டு வீட்டிலும் கடையிலும் பயன்படுத்தலாம். ஆனால் சேமிப்பான் தொலைந்தால் பேரேடும் தொலைந்தது. ஆகவே இன்னொரு நகல் அவசியம்.

மூன்றாவது: மைக்ரோசாப்ட் ஸ்டோர். இது விண்டோஸிலேயே உள்ள கடை. இங்கே உள்ள பெரும்பாலான செயலிகள் அந்தந்த ஆளுக்கென்றே ஏறுவதால் மேலாளரைக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பை இங்கிருந்தே பெறலாம்.

நான்காவது: எதையும் ஏற்றாமல் உலாவியின் வழியாகவே வேலை செய்வது. இன்று பல கணக்கு மென்பொருள்கள் இணையத்திலேயே இயங்குகின்றன. குரோமிலும் எட்ஜிலும் அத்தகைய தளத்தை ஒரு செயலிபோல் நிறுவிக்கொள்ளும் வசதி உண்டு. அதற்கும் மேலாளர் வேண்டியதில்லை.

ஐந்தாவது: தமிழ் எழுதும் வசதி. இதற்காகத் தனி மென்பொருளைத் தேடி அலைவோர் இன்னும் இருக்கிறார்கள். தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் நமது சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி அவர்கள். அவர் 1995ல் பாடுபட்ட காலத்தில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் தனியே ஏற்ற வேண்டியிருந்தது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் அதனுள்ளேயே இடம்பெற்றுவிட்டது. இன்று 'செட்டிங்ஸ்' சென்று, மொழிகள் பகுதியில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகை வந்துவிடும். விளம்பரத் தாளுக்கு வேறு எழுத்துரு வேண்டுமானால், 2018ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதற்கொண்டு அதைத் தனியாளுக்கென்று ஏற்றலாம். முன்போல் மேலாளர் உரிமை தேவையில்லை.

அனுமதியின்றி இயலாதவை

கணினியோடு ஒரு கருவியைப் பேசவைக்கும் மென்பொருளை 'டிரைவர்' என்பார்கள். இது கூரைக்குள் புகுந்து வேலை செய்வது. ஆகவே மேலாளர் உரிமை வேண்டும். குறிப்பாக, 2021ஆம் ஆண்டில் விண்டோஸின் அச்சுப் பகுதியில் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின், அவ்வாண்டு ஆகஸ்டு முதல் மைக்ரோசாப்ட் பிரிண்டர் விஷயத்தில் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கிவிட்டது. கிருமித் தடுப்பு மென்பொருளும், கணினி எழுந்தவுடன் தானே ஓடும் விற்பனைக் கணக்கு மென்பொருளும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஆனால் ஒரு நல்ல செய்தி: பொருளின் கோட்டுக்குறியைப் படிக்கும் ஸ்கேனர் பெரும்பாலும் ஒரு விசைப்பலகையைப் போலவே நடந்துகொள்ளும். எண்ணைத் தட்டுவதற்குப் பதில் அது படித்து அனுப்புகிறது, அவ்வளவுதான். ஆகவே அதை மாட்டினால் போதும். எவரையும் கேட்க வேண்டியதில்லை.

பூட்டை உடைக்கலாமா?

இனி நமது கதைக்கு வருவோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் தங்கை மகன் கடைக்கு வந்தான். நிலைமையைப் பார்த்துவிட்டு, "மாமா, கவலைப்படாதீங்க. ஒரு யூஎஸ்பியைப் போட்டுக் கணினியை எழுப்பினால் மேலாளரின் கடவுச்சொல்லை அழித்துவிடலாம். பத்து நிமிஷ வேலை" என்றான். உண்மையைச் சொல்வதானால் நம் மனம் தடுமாறிற்று. கல்லாவில் கூட்டம் நிற்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் கணினி நம்முடையது அன்று. வாடகைப் பொருள், அமானிதம். பிறர் வீட்டினுள் ஸலாம் உரைத்து, அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் சூரத்துந் நூர் நமக்குப் போதிக்கிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்புக என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். வாடகை வீட்டில் குடியிருப்பவர் தம் பெட்டியை எங்கும் வைக்கலாம். சொந்தக்காரர் பூட்டிய அறையை உடைக்கலாகாது. இதை மருமகனிடம் சொன்னோம். அவனும் சிறிது யோசித்துவிட்டு, "சரிதான் மாமா, பெட்டிக்குள்ளேயே பார்ப்போம்" என்றான்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. சிங்கப்பூரின் 1993ஆம் ஆண்டுக் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறர் கணினியினுள் நுழைவது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நிறுவனத்தின் கணினியில் சொந்தப் பெட்டகம் இருந்தாலும், அதில் எதை வைக்கலாம் என்பதற்கு நிறுவனத்தின் விதி உண்டு. இயலும் என்பது வேறு. ஆகும் என்பது வேறு.

மேலாளர் திறவுகோலைக் கவனக்குறைவாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2018ல் சிங்ஹெல்த் மருத்துவக் கணினிகளினுள் புகுந்தவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைக் கவர்ந்தார்கள். அவர்களுள் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. முந்தைய ஆண்டே ஒரு சாதாரண அலுவலகக் கணினியின் வழியாக அவர்கள் நுழைந்திருந்தார்கள். 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லோடு ஒரு மேலாளர் கணக்கு இருந்ததையும் குறையாகச் சுட்டிற்று. சம்பந்தப்பட்ட இரு அமைப்புகளுக்கும் சேர்த்து 10 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அத்தனை பெரிய இடத்துக்கே இக்கதி என்றால், நமது சிறு கடை எம்மாத்திரம்!

இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுவோம். "நாம்தான் மேலாளர் இல்லையே, எதை ஏற்றினாலும் தீங்கு வராது" என்று சிலர் கருதுகிறார்கள். அது பிழை. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கொள்ளை மென்பொருளுக்கு மேலாளர் உரிமை தேவையில்லை. உங்கள் பெட்டகத்தில் உள்ள பேரேட்டைப் பூட்ட உங்கள் உரிமையே அதற்குப் போதும். ஆகவே எந்த மென்பொருளையும் அதை ஆக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ, ஸ்டோரிலிருந்தோ மட்டுமே பெறுங்கள். விலைகொடுத்து வாங்க வேண்டியதை உடைத்து இலவசமாகத் தருகிறோம் என்பாரிடம் போகாதீர்கள். அது பிறர் உழைப்பைத் திருடுவது. கிருமி ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் அதில்தான்.

ஒன்பது நாட்கள்

அந்நாட்களில் அத்தா காலத்து வழக்கப்படி கார்பன் தாள் வைத்துக் கையால் ரசீது எழுதினோம். 1,000 வெள்ளிக்கு மேற்படாத விற்பனைக்கு, நமது வரிப் பதிவு எண்ணும், விலை வரி உட்பட்டது என்ற குறிப்பும் மற்ற விவரங்களும் இருந்தால் கையெழுத்து ரசீதும் செல்லும். இரவில் கடை சாத்தியபின் மருமகன் போர்ட்டபிள் லிப்ரே ஆபீஸில் சிட்டையைப் பார்த்து வரவுகளைப் பதிந்தான். 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 9 விழுக்காட்டு வரியையும் அதுவே கணக்கிட்டது. இப்பதிவுகளை 5 ஆண்டு காக்க வேண்டும் என்பதால் இரண்டு நகல் எடுத்தோம்.

ஒன்பதாம் நாள் கணினிக்காரரைத் தேடிப் பிடித்தோம். அவர் வந்து கடவுச்சொல்லைத் தட்டினார். நான்கு நிமிடத்தில் பிரிண்டர் ஓடிற்று. கோபித்துக்கொள்ள வாய் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் பாதிக் குற்றம் நம்முடையதே. கணினியை வாங்கிய அன்று, "திறவுகோல் யாரிடம் இருக்கும்? அவசரத்துக்கு யாரை அழைப்பது?" என்று நாம் கேட்கவில்லை, எழுதி வாங்கவும் இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருமறை கட்டளையிட்டிருக்க, நாம் வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டோம். இப்போது அவர் எழுதிக் கொடுத்த தாள் நமது கல்லாவின் அடியில் இருக்கிறது.

சகோதரர்கள் இன்றே செய்ய வேண்டியவை

1. 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்', 'யுவர் இன்போ' என்ற வரிசையில் சென்று, உங்கள் பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். புதிய கணினியில் முதலில் திறக்கும் கணக்கு மேலாளர் கணக்காகவே அமையும் என்பதால், பல கடைகளில் கடைப் பையன்கள் வரை எல்லாரும் தெரியாமலே மேலாளராக இருக்கிறார்கள்.

2. கணினி உங்களுடையதானால் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கொன்றைத் திறந்து, மேலாளர் கணக்கைப் பெட்டகச் சாவிபோல் தனியே வையுங்கள்.

3. அதன் கடவுச்சொல்லை உறையிலிட்டு, நம்பிக்கையான இன்னொருவருக்கும் இருப்பிடம் தெரியும்படி செய்யுங்கள். முதலாளி ஊருக்குப் போன நேரத்தில் கடை நிற்கலாகாது.

4. கணினி வாடகையானால் திறவுகோல் விஷயத்தை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

5. பேரேட்டின் நகலை வாரம் ஒருமுறை எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.

உரிமையுள்ள இடத்தில் தாராளமாகப் புழங்குவோம். இல்லாத இடத்தில் கேட்டுப் பெறுவோம். நம் முன்னோர் இத்தீவில் நல்ல பெயர் எடுத்தது இந்த நாணயத்தினால்தான். வல்ல அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.