மீதிப் பேர் எந்தத் தெருவில்?



2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு வயது முடிந்த குழந்தைகளில் 100க்கு 89 பேர் அடிப்படைத் தடுப்பூசி முழுவதும் போட்டவர்கள். நல்ல சேதிதான். மீதி 11 பேர் எங்கே?

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 100 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். 90 பேருக்கு ஊசி போட்டாச்சு. விட்டுப்போன பத்தில் எட்டு, 12 குழந்தைகளே உள்ள இருளர் குடியிருப்பில். மற்ற தெருக்களில் 100க்கு 98, அங்கே 33தான்! மொத்தக் கணக்கில் இது தெரியவே தெரியாது. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போயிருந்தால், நர்சம்மா வரும் நாளில் குடிசை பூட்டிக் கிடக்கும். அது யார் குற்றம்?

சோழர் காலத்தில் 30 குடும்புக்கும், அதாவது வார்டுக்கும், தனித்தனியே குடவோலை எடுத்த ஊர் இது. ஊசிக் கணக்கையும் குடியிருப்புவாரியாகக் கேளுங்கள். சூளைக்குப் போகிறவர்கள் ஊசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவார்கள்.