காத்திருந்த பாடல்கள்

அன்புள்ள நண்பருக்கு,

பள்ளி நாளிலிருந்து நீங்கள் கேட்டுவரும் ராக் குழுவின் பாடகர் தனியாக ஓர் ஆல்பம் வெளியிடப் போகிறார் என்ற செய்தி உங்களைக் கலங்கடித்திருக்கிறது. ‘பேரும் புகழும் வந்ததும் கூட இருந்தவர்களை உதறிவிட்டுப் போகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழுவின் உள்விவகாரம் எனக்குத் தெரியாது. ஆனால் நான் மிகவும் நேசிக்கும் ஒரு முதல் தனி ஆல்பம் உண்டு. அது எப்படி உருவானது என்று சொல்கிறேன். உங்கள் கோபம் கொஞ்சம் ஆறினாலும் ஆறலாம்.

பாடகி ஸ்டீவி நிக்ஸின் ‘பெல்லா டோனா’. 1981 ஜூலையில் வந்தது. அப்போது அவர் ஃப்ளீட்வுட் மேக் குழுவில் இருந்தார். வெளியேறும் எண்ணமும் இல்லை. பிறகு ஏன் தனி ஆல்பம்?

கணக்கைப் பாருங்கள். அந்தக் குழுவில் பாட்டெழுதிப் பாடியவர்கள் மூன்று பேர்: நிக்ஸ், லிண்ட்ஸி பக்கிங்ஹாம், கிறிஸ்டின் மெக்வீ. மூவருமே கெட்டிக்காரர்கள். எல்பி இசைத்தட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடம், மிஞ்சினால் நாற்பத்தைந்து. ஆளுக்கு மூன்று, நான்கு பாட்டுக்கு மேல் இடம் கிடைக்காது. 1977இல் வந்த ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தில் 11 பாட்டுகள். அவற்றில் நிக்ஸ் தனியாக எழுதியவை மூன்று. இரட்டைத் தட்டாக வந்த ‘டஸ்க்’கில் 20 பாட்டுகள் இருந்தும் அவருக்குக் கிடைத்தது ஐந்து. அவரோ ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தவர். மீதிப் பாட்டுகள் எங்கே போகும்?

‘சில்வர் ஸ்ப்ரிங்ஸ்’ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ‘ரூமர்ஸ்’ ஆல்பத்துக்காக நிக்ஸ் எழுதிய பாட்டு அது. அதன் வருமானம் அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று உரிமையை அவருக்கே கொடுத்துவிட்டார். பாட்டு நீளம், மெதுவாகப் போகிறது, தட்டில் இடமில்லை என்று ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கொடுத்த பரிசு, பக்கிங்ஹாம் எழுதிய ‘கோ யுவர் ஓன் வே’ சிங்கிளின் பின்பக்கத்தில் போய் ஒதுங்கியது. நிக்ஸுடனான காதல் பிரிவைப் பற்றி பக்கிங்ஹாம் எழுதிய பாட்டு முன்பக்கம். அதே பிரிவைப் பற்றி நிக்ஸ் எழுதியது பின்பக்கம். இருபது ஆண்டு கழித்து, 1997இல் குழுவின் ‘த டான்ஸ்’ நிகழ்ச்சியில் பக்கிங்ஹாமின் முகத்தைப் பார்த்தபடியே அவர் அதைப் பாடிய பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இதையெல்லாம் அனுபவித்த ஒருவர் தன் பாட்டுகளுக்கென்று ஓர் இடம் தேடினால் அதில் என்ன குற்றம்?

நீங்கள் புகழாசை என்கிறீர்கள். நான் அதில் பயத்தைத்தான் பார்க்கிறேன். நிக்ஸ் பியானோவில் நாலைந்து கார்டுகளை (ஸ்வர அடுக்குகளை) வைத்துக்கொண்டு பாட்டெழுதுபவர். ‘ரூமர்ஸ்’ ஆல்பத்தில் அவர் எழுதிய ‘டிரீம்ஸ்’ கிட்டத்தட்ட இரண்டே கார்டில் ஓடும் பாட்டு. அதை அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போகும் பாட்டாக இழைத்துக் கட்டியதில் பக்கிங்ஹாமின் காதுக்கும் கைக்கும் பெரும் பங்கு உண்டு. அவர் இல்லாமல் தன் பாட்டு நிற்குமா? முதல் தனி ஆல்பம் போடும் எந்தப் பாடகருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். உங்கள் பாடகருக்கும் இருக்கும்.

நிக்ஸ் தயாரிப்பாளராகத் தேர்ந்தெடுத்தது ஜிம்மி அயோவினை. டாம் பெட்டியின் ‘டேம் த டார்பிடோஸ்’ ஆல்பத்தைத் தயாரித்தவர், வேலையில் கறாரானவர். லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் கூட்டிய ஆட்களைப் பாருங்கள். கிட்டாரில் வாடி வாக்டெல். பியானோவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் குழுவின் ராய் பிட்டன். ஆர்கனில் பெட்டியின் குழுவைச் சேர்ந்த பென்மான்ட் டென்ச். ‘லெதர் அண்ட் லேஸ்’ பாட்டில் கூடப் பாட ஈகிள்ஸ் குழுவின் டான் ஹென்லி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஷேரன் செலானி, லோரி பெரி என்று இரண்டு பெண் குரல்கள். பெரும்பாலான பாட்டுகளில் நிக்ஸோடு சேர்த்து மூன்று குரல்களும் ஒரே மூச்சில் எழும். நிக்ஸின் கரகரத்த குரலுக்கு இவ்வளவு பொருத்தமான துணை ஃப்ளீட்வுட் மேக்கிலும் அமையவில்லை என்பது என் கருத்து. தனி ஆல்பம் என்று பெயர்தான்; அங்கே தனியாக யாரும் இல்லை.

ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ‘கைண்ட் ஆஃப் வுமன்’ எனக்கு இன்றும் ஒட்டவில்லை. முதலில் ஹிட்டான ‘ஸ்டாப் டிராகின் மை ஹார்ட் அரவுண்ட்’ பாட்டும் நிக்ஸ் எழுதியதல்ல. டாம் பெட்டியும் அவர் குழுவின் மைக் கேம்பெலும் எழுதியது. ஆல்பத்தில் சிங்கிளுக்கு ஏற்ற பாட்டு இல்லை என்று அயோவின் நினைத்ததால் வந்து சேர்ந்தது. நல்ல பாட்டுதான். ஆனால் அதில் நிக்ஸ் தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்ததுபோல் இருக்கும்.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டுக்கு வாருங்கள். 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அயோவின் இளைஞராக இருந்தபோது லெனனின் ஒலிப்பதிவுகளில் வேலை செய்தவர். அந்தச் சாவு அவரை உடைத்துப் போட்டது. அதே வாரத்தில் நிக்ஸின் நெருங்கிய உறவினர் ஒருவரும் இறந்தார். அந்த இரண்டு சாவுகளும் சேர்ந்து ‘எட்ஜ் ஆஃப் செவன்டீன்’ ஆயிற்று. வாக்டெலின் கிட்டார், கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு ஒரே துடிப்பாக அடித்துக்கொண்டே போகும். நின்றுவிடுமோ என்று மனம் பதறும், நிற்காது. அதன்மேல் நிக்ஸ் பாடுவதைப் பாட்டென்று சொல்வதா, ஒப்பாரி என்று சொல்வதா? அரிசோனா பாலைவனத்துக் கள்ளியில் கூடு கட்டும் வெண்சிறகுப் புறா ஒன்று அதில் திரும்பத் திரும்பக் கூவும். மூன்று பேர் பங்கு பிரித்துக்கொண்ட தட்டில், ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் இந்தப் பாட்டுக்கு இவ்வளவு தாராளமாக இடம் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

‘ஆஃப்டர் த கிளிட்டர் ஃபேட்ஸ்’ பாட்டையும் தவறவிடாதீர்கள். புகழின் பகட்டு மங்கிய பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்கும் பாட்டு. எழுதியபோது நிக்ஸ் யாருக்கும் தெரியாத பாடகி. 1975இல் குழுவில் சேர்வதற்கும் முன்பே எழுதியது. அதற்கு இடம் கிடைத்தபோது புகழை முழுக்கப் பார்த்துவிட்டிருந்தார். அதனால்தானோ என்னவோ, அந்தக் குரலில் ஆசையும் அனுபவமும் ஒரே சமயத்தில் கேட்கின்றன.

1981 செப்டம்பரில் ‘பெல்லா டோனா’ பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. நிக்ஸ் குழுவை விட்டுப் போய்விட்டாரா? இல்லை. அந்த ஆல்பத்துக்காகச் சில மேடைகளில் மட்டும் பாடிவிட்டுக் குழுவுக்கே திரும்பினார். 1982இல் வந்த ‘மிராஜ்’ ஆல்பத்தில் அவருடைய ‘ஜிப்ஸி’ இருக்கிறது. பலரும் மறந்துவிடும் இன்னொன்று: அதே 1981இல் பக்கிங்ஹாமும் தனி ஆல்பம் போட்டார். டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போய் ஒன்றைப் பதிவுசெய்து வந்தார்.

உங்கள் அச்சம் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. ‘மிராஜு’க்கு அடுத்த ஆல்பம் வர ஐந்து ஆண்டு ஆனது, ஆளாளுக்குத் தனி வேலை இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ரசிகர்கள் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் காத்திருப்பில் ‘எட்ஜ் ஆஃப் செவன்டீன்’ கையில் இருந்தது.

உங்கள் பாடகரின் ஆல்பம் வந்ததும் எந்தப் பாட்டை எப்போது எழுதினார், யார் யார் வாசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குழுவில் இடமில்லாமல் காத்திருந்த பாட்டு ஒன்றாவது அதில் நிச்சயம் இருக்கும். கண்டுபிடித்ததும் எனக்கு எழுதுங்கள், நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்